உன் அம்மா பேசும் இங்கிலீஷ்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. சித்திரை கழிந்ததும் லீவு போட்டுக்கொண்டு வந்து எங்கள் இருவரையும் பம்பாய்க்கு அழைத்துப் போவதாக எழுதியிருக்கிறாய். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், பேச்சு போனவர்களுக்குத் திரும்பப் பேசச் சொல்லிக்கொடுக்கும் பிரிவு இருக்கிறது, டாக்டரைப் பார்த்துப் பேசிவிட்டேன் என்றும் எழுதியிருக்கிறாய். படித்ததும் சந்தோஷமாக இருந்தது. அடுத்த வீட்டுக்காரரிடம் காட்டினேன். பெற்றால் இப்படி ஒரு பிள்ளையைப் பெற வேண்டும் என்றார், நானும் பெருமையாகத் தலையாட்டினேன். ஆனால் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, முதல் காரியமாக அம்மாவின் அந்த இங்கிலீஷை நிறுத்த வேண்டும் என்று, அந்த வரியை மட்டும் அவருக்குப் படித்துக்காட்டவில்லை. அதற்குப் பதில் எழுதத்தான் இத்தனை நாள் ஆனது.

நேரில் சொல்லலாமே என்று நீ நினைப்பாய். நமக்குள் பேச்சு எந்த லட்சணத்தில் நடக்கும் என்று உனக்கே தெரியும். நாலு வார்த்தை தாண்டினால் நீ செருப்பை மாட்டிக்கொண்டு தேர் நிற்கும் வீதிப் பக்கம் போய்விடுவாய், நான் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வேன். காகிதம் என்றால் எழுந்து போகாது. இன்னொன்றும் இருக்கிறது, உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன். மாசியில் எனக்கு நெஞ்சுவலி வந்தது. மார்க்கெட்டிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு வரும்போது வழியில் ஒரு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் மாத்திரை கொடுத்தார், படி ஏறாதே, பளு தூக்காதே, கோபப்படாதே என்றார். முதல் இரண்டும் முடிகிறது. நீ பயப்படக் கூடாது என்றுதான் எழுத நினைத்தேன், ஆனால் எனக்கே பயமாக இருக்கிறது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? போய்ச் சேர்வதைப் பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. உன் அம்மா பேசுவது இன்றைக்கு என் ஒருத்தனுக்குத்தான் புரிகிறது. நான் போய்விட்டால் அவள் வாய் திறந்தும் ஊமைதான். அந்தப் பயம்தான் என்னை உட்கார்த்தி எழுத வைக்கிறது.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன், பொறுமையாகப் படி. நான் படித்த காலத்தில் எங்கள் வாத்தியார்கள் இங்கிலீஷ் பாடத்தைத் தமிழில் கதையாகச் சொல்வார்கள், கேள்வி பதிலைப் போர்டில் எழுதிப் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். இங்கிலீஷ் பீரியடில் இங்கிலீஷைத் தவிர எல்லாம் காதில் விழும். நான் வாத்தியார் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களை ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். சீமையிலிருந்து வந்த ஒரு துரை வகுப்பு எடுத்தார். அவருக்கு ஒரு வார்த்தை தமிழ் வராது, அதுவே நல்லதுதான் என்றார். நடந்துகொண்டே, நான் கதவை நோக்கி நடக்கிறேன் என்று இங்கிலீஷில் சொல்வார். திறந்துகொண்டே, நான் கதவைத் திறக்கிறேன் என்பார். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற ஆம்பிளைகள் நாங்கள் வரிசையில் நின்று, ஒருத்தர் பின் ஒருத்தராகக் கதவைத் திறந்து மூடி, அதையே சொன்னோம். பாஷை என்பது பழக்கம், முதலில் வாய் பழகட்டும், மூளை பின்னாலேயே வந்து சேரும் என்பது அவர் சொன்ன மந்திரம். மற்றவர்கள் ஊர் திரும்பியதும் பழைய கதைக்கே போய்விட்டார்கள். நான் உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டேன்.

வெள்ளைக்காரன் போன பிறகுதான் நம் பக்கத்தில் இங்கிலீஷ் பசி ஜாஸ்தியானது. இந்தி வேண்டாம் என்று ஊர்வலம் போனவர்களில் நானும் ஒருத்தன், கோஷம் போட்டுத் தொண்டை கட்டிக்கொண்டு வந்தேன். அடுத்த வாரமே இங்கிலீஷ் டியூஷனுக்குக் கூட்டம் அதிகமாகி வெளி ரூமில் இடமில்லை. வேங்கிக்காலிலிருந்தும், செங்கம் ரோட்டு ஊர்களிலிருந்தும் விவசாயிகள் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள். ஒருத்தர் கோர்ட்டிலிருந்து வந்த காகிதத்தை எடுத்துக் காட்டினார். "இது என்னா சொல்லுதுன்னு கேக்கறதுக்கு ஊரெல்லாம் சுத்திட்டேன் சார். எம் புள்ளையாவது எவங்கிட்டயும் கைகட்டி நிக்காம படிச்சுடணும்" என்றார். அந்தப் பேச்சுக்கு முன்னால் எந்த வாத்தியாருக்கும் கர்வம் வரும். எனக்கும் வந்தது. நான் ஏதோ இவர்களுக்கெல்லாம் ஏணி செய்து கொடுப்பதாக நினைத்துக்கொண்டேன். அந்த ஏணியில் ஏறிப் போனவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. பாதிக்கு மேல் பேர் எஸ்.எஸ்.எல்.சி.யில் எல்லாப் பாடமும் பாஸாகி இங்கிலீஷில் மட்டும் போய், ஏரோட்டத் திரும்பியவர்கள். துக்கம் விசாரிப்பது மாதிரி, இங்கிலீஷ்ல போச்சு என்று சொல்லிக்கொள்வார்கள்.

நம் வீட்டு அமைப்பு உனக்கு மறந்திருக்காது. வெளி ரூமில் டியூஷன், ஒரு துணித் திரை, அதற்குப் பின்னால் சமையல்கட்டு. டியூஷன் முடியும் வரை வெளி ரூமில் தமிழ் பேசக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தேன். அந்தச் சட்டம் உன் அம்மாவுக்கும் சேர்த்துத்தான். வாயைக் கட்டுவது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துப் பார். நம் வீட்டில் பேசுவதற்கு அவள், பேசாமல் இருப்பதற்கு நான் என்று பிரித்துக்கொண்டு வாழ்ந்தோம். பால்காரனிடம் ஆரம்பித்தால் அவன் மாட்டின் வம்சாவளி வரைக்கும் விசாரித்துவிட்டுத்தான் விடுவாள். அப்படிப்பட்டவள், காபி வேண்டுமா என்று கேட்பதற்குத் திரையை விலக்கி டம்ளரை மட்டும் தூக்கிக் காட்டுவாள். பசங்கள் சிரிப்பை அடக்குவார்கள். ஒருநாள் டியூஷன் முடிந்ததும் என்னிடம் கேட்டாள். "ஏங்க, வருஷம் பூரா உங்க பசங்க கதவைத் தெறக்கறேன் மூடறேன்னு கத்தறாங்களே, அதுக்கு எதுக்குங்க இங்கிலீஷு? நாங்கள்லாம் சும்மாவே தெறந்து மூடறோமே." நான் சிரிக்கவில்லை. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, கூடவே மற்றதும் வருகிறது.

ஒவ்வொரு வருஷமும் புதுக் கூட்டம் வரும், ஒவ்வொரு வருஷமும் முதலிலிருந்து அதே வாக்கியங்கள். நான் சொல்வேன், பசங்கள் திருப்பிச் சொல்வார்கள், உள்ளே அவள் அரிசி களைந்துகொண்டிருப்பாள். அஞ்சாவது வரை தமிழ் படித்தவள். இங்கிலீஷில் ஓர் எழுத்து தெரியாது. அவள் காதில் அதெல்லாம் விழுகிறது என்பதைக்கூட நான் யோசித்ததில்லை. சுவருக்குக் காது உண்டு என்று சொல்கிறோம், பெண்டாட்டிக்கு உண்டு என்று தோன்றவில்லை.

உன் கதைக்கு வருகிறேன். வாத்தியார் பிள்ளை மக்கு என்ற பழமொழியை ஊர் முழுக்க நமக்காகவே வைத்திருந்தார்கள். நீ கணக்கில் சூரன், கையில் எதைக் கொடுத்தாலும் கழற்றி மாட்டுவாய், இங்கிலீஷ் என்றால் மட்டும் உன் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வாத்தியார் மகனுக்குச் சலுகை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று மற்றவர்களைவிட உன்னைத்தான் அதிகம் அடித்தேன். அதற்காக இப்போது நான் அழுது புலம்பப் போவதில்லை. அடியாத மாடு பணியாது என்று நம்பிய காலம் அது, எல்லா வாத்தியாரும் கையில் பிரம்போடுதான் நடந்தார்கள். எனக்குத் துக்கம் வேறு. உன் காதில் இங்கிலீஷ் சத்தமும் பிரம்புச் சத்தமும் ஒன்றாகிவிட்டது. அதை ஒரு பாஷையாகவே உன்னால் கேட்க முடியாமல் போயிற்று. நீயும் இங்கிலீஷில் மட்டும் போனாய். பிறகு எழுதிப் பாஸானாய், ஐ.டி.ஐ. முடித்தாய், பம்பாய்க்குப் போய் லேத் பட்டறையில் கை தேர்ந்தாய், இந்தி பேசுகிறாய், முதலாளியிடம் இங்கிலீஷும் பேசுகிறாய் என்று உன் கூட வேலை செய்யும் பையன் சொன்னான். என் முன்னால் மட்டும் ஒரு வார்த்தை பேசமாட்டாய். அதுவும் எனக்குத் தெரியும்.

ஆடி மாதம் உன் அம்மா குழாயடியில் விழுந்தபோது நீ ஓடி வந்தாய். வேலூர் ஆஸ்பத்திரியில் அவள் படுத்துக் கிடந்ததைப் பார்த்தாய். வலது கையும் காலும் போய், வாய் கோணி, உன்னைப் பார்த்து அழுதாளே தவிர ஒரு சொல் வரவில்லை. லீவு முடிந்து நீ போன பிறகு நடந்ததுதான் உனக்குச் சரியாகத் தெரியாது. டாக்டர் என்னை உட்கார வைத்து விளக்கினார். மூளையில் பேச்சுக்கான இடத்துக்கு ரத்தம் போகவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரியும், அவள் நினைப்பதும் சரியாகவே இருக்கும், சொல்லத்தான் வராது. ஆனால் பல வருஷம் திரும்பத் திரும்பச் சொன்னதோ கேட்டதோ வேறு இடத்தில் தங்கியிருக்கும், அது சில பேருக்குத் தானாக வரும் என்றார். அவர் சொன்னபடியே ஒண்ணு, ரெண்டு என்று நான் ஆரம்பித்தால் அவள் மூணு, நாலு என்று தொடர்ந்தாள். நிறுத்தத்தான் தெரியவில்லை. முப்பது, நாற்பது என்று போய்க்கொண்டே கண்ணில் தண்ணீர் விட்டாள். தண்ணீர் வேணும் என்று சொல்லத் திறந்த வாயில் எண்கள் வந்தால் யாருக்குத்தான் அழுகை வராது? அதற்குப் பிறகு அவள் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டாள். வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அவ்வளவு பேசிய வீடு அப்படி ஊமையாகக் கிடந்ததை நான் எப்படி எழுதுவது?

ரஹ்மத்தை உனக்கு நினைவிருக்கும். பஜாரில் அவனுடைய அப்பா பாத்திரக்கடை வைத்திருந்தார், இப்போது அவன் பார்த்துக்கொள்கிறான். என்னிடம் படித்ததிலேயே அடிமக்கு. டியூஷனுக்கு வந்து உன் அம்மா கொடுக்கும் முறுக்கைத் தின்றதுதான் அவன் கண்ட பலன். அவன் ஒரு சாயங்காலம் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு அவளைப் பார்க்க வந்தான். வெளி ரூமில் கட்டிலுக்கும் என் டியூஷன் மேஜைக்கும் நடுவில் நின்று, எப்படிம்மா இருக்கீங்க, என்னைத் தெரியுதா என்று கேட்டான். அவள் அவனையே பார்த்தாள். வாய் கொஞ்ச நேரம் எதையோ தேடியது. பிறகு தெளிவாக, என் குரல் ஏற்ற இறக்கம் அப்படியே இருக்க, "வாட் ஆர் யூ டூயிங்?" என்றாள்.

ரஹ்மத் என்ன செய்தான் தெரியுமா? தொப்பை வைத்த, இரண்டு பிள்ளைக்குத் தகப்பனான அந்த ஆள், சாத்துக்குடிப் பையைக் கீழே வைத்துவிட்டு, கையைப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, "ஐ ஆம் ஸ்டாண்டிங் நியர் தி டேபிள், சார்" என்றான். யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. மேஜைப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். சொல்லிவிட்டு அவனே திகைத்துப் போனான். உன் அம்மா சிரித்தாள். கோணல் வாயோடு, எச்சில் ஒழுக, விழுந்ததற்கப்புறம் முதல் தடவையாகச் சிரித்தாள். அவள் ஒன்று சொன்னாள், அதற்கு ஒரு மனுஷன் பதில் சொன்னான். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. ரஹ்மத் வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், அம்மா பேசறாங்க சார், நீங்க ஏன் பேசலைன்னு சொன்னீங்க?" என்று தேம்பினான்.

அன்றிலிருந்து அந்த வாக்கியங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஊரில் சிலர் வந்து வேடிக்கை பார்த்தார்கள், வெள்ளைக்காரியின் ஆவி பிடித்திருக்கிறது என்று ஒருத்தி சொல்ல, அவளை வாசலோடு அனுப்பினேன். நானும் முதலில் அர்த்தமில்லாத உளறல் என்றுதான் நினைத்தேன். கூடவே இருக்க இருக்கத்தான் விளங்கியது. அவள் கையில் இருந்த சில்லறை அவ்வளவுதான், அதை வைத்து எல்லாவற்றையும் வாங்கப் பார்க்கிறாள். கதவைத் திறக்கிறேன் என்ற அந்த வாக்கியம், "ஐ ஆம் ஓபனிங் தி டோர்", சொன்னால் வாசலுக்குக் கொண்டுபோய் உட்கார வை என்று அர்த்தம். வாசலிலிருந்து தெரியும் மலையைப் பார்க்க வேண்டும் அவளுக்கு. "திஸ் இஸ் எ பென்சில்" என்றால் ஏதோ பொருள் வேண்டும், அவள் கண் போகும் பக்கம் பார்த்து எடுத்துக் கொடுக்க வேண்டும், சீப்போ, தண்ணீர்ச் சொம்போ, விபூதியோ. "இட் இஸ் ரெய்னிங்" என்றால் படுக்கை நனைந்துவிட்டது. அதைச் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள், நீ ஒன்றும் கேட்காமல் உன் பெண்டாட்டியைச் சேலையை மாற்றச் சொல்லு. கோபம் வந்தால் மட்டும் பசுமாட்டுக் கட்டுரை. பசு ஒரு பயனுள்ள பிராணி என்பதை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இங்கிலீஷில் சொல்லிக் கேட்க வேண்டும். ரசத்தில் நான் உப்பு போட மறந்த நாளில் அதன் நாலு கால், இரண்டு கொம்பு, ஒரு வால் வரைக்கும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இத்தனை வருஷத்தில் ஆயிரம் பேருக்கு நான் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்திருப்பேன். அவர்களில் யாரும் என் வாக்கியத்தை வைத்து என்னைத் திட்டியதில்லை, தாகம் என்று சொன்னதில்லை, வெட்கப்பட்டதில்லை. ஒப்பித்தார்கள், பரீட்சை எழுதினார்கள், மறந்தார்கள். உயிர் போகிற தேவைக்கு அதை எடுத்துப் பேசியவள் உன் அம்மா ஒருத்திதான். அவளுக்கு நான் ஒரு நாளும் சொல்லிக்கொடுக்கவில்லை. துரையின் முறை சரிதான் போலிருக்கிறது என்று ஒருநாள் நினைத்தேன், நினைத்ததும் வாயில் கசந்தது. மற்றொன்றும் சொல்ல வேண்டும். பசங்கள் எல்லா வாக்கியத்தையும் சார் என்றுதானே முடிப்பார்கள், அவளும் அப்படியே முடிக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து ஏங்க என்று கூப்பிட்டவள், இப்போது என்னைச் சார் என்கிறாள். பக்கத்து ரூமில் நான் இருந்தால், "சார்... சார்" என்று கூப்பிடுவாள். நான் போய் நிற்பேன். அந்த ஏங்க-வை இன்னொரு தடவை கேட்க முடியாதா என்று எனக்கு இருக்கிறது. கேட்டு வாங்க முடிகிற பொருளா அது?

பொங்கலுக்கு நீ வந்த கதை இதற்குப் பிறகுதான். உனக்குக் கடிதத்தில் அம்மா கொஞ்சம் பேசுகிறாள் என்று மட்டும் எழுதியிருந்தேன். எப்படிப் பேசுகிறாள் என்று எழுதக் கூச்சமாக இருந்தது. நீ பையை இறக்கி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைத் தடவினாய். அவள் உன்னைப் பார்த்து, "வேர் இஸ் தி மங்கி?" என்றாள். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அவள் மறுபடியும் அதையே கேட்டாள், கெஞ்சுவது மாதிரி. குரங்கு எங்கே என்று தாய் மகனிடம் கேட்டால் மகன் என்ன நினைப்பான்? உன்மேல் குற்றமே இல்லை. "அம்மா, தமிழ்ல பேசும்மா. எங்கிட்ட இது வேணாம்மா" என்றாய். நான்காவது தடவை அவள் கேட்டபோது அவள் வாயைக் கையால் பொத்தினாய். மெதுவாகத்தான் பொத்தினாய், நான் பார்த்தேன். பிறகு என்னிடம் வந்து, "என் தலையில திணிச்சது போதாதாப்பா? அவளையும் இப்படி ஆக்கிட்டீங்களே" என்றாய். அன்றைக்கு முழுக்க அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நீ இருந்த மிச்ச நாளில் அவள் வாய் திறக்கவில்லை, நீயும் அதை நிம்மதியாக எடுத்துக்கொண்டாய்.

எனக்கும் அப்போது விளங்கவில்லை. அந்த வாக்கியம் என் டியூஷனில் பல வருஷமாகவே கிடையாது. உன்னை மெட்ராஸ் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தேன். அவளுக்குக் கஞ்சி கொடுக்க உட்கார்ந்தபோது மறுபடியும் அதையே கேட்டாள், கேட்டுவிட்டு இடது கையை நீட்டி வெளி ரூம் மேஜைக்கு அடியில் காட்டினாள். கஞ்சிக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டேன். உனக்கு மூன்று வயது இருக்கும், ஞாபகம் இருக்க வழியில்லை. டியூஷன் நேரத்தில் உன்னை உள்ளே பிடித்து வைக்க அவளால் முடியாது. ஓடி வந்து என் மேஜைக்கு அடியில் புகுந்துகொள்வாய். மேலே, கீழே, உள்ளே என்பதை இங்கிலீஷில் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அதற்குப் படம் எதற்கு, நீ இருக்கும்போது? உன்னைத் தூக்கி மேஜைமேல் நிறுத்தி, குரங்கு எங்கே என்று கேட்பேன், குரங்கு மேஜைமேல் இருக்கிறது என்று பசங்கள் கத்துவார்கள். காய்கறிக் கூடையில் உட்கார வைப்பேன். மேஜைக்கு அடியில் நீ போய்விட்டால் எல்லாரும் சேர்ந்து, "தி மங்கி இஸ் அண்டர் தி டேபிள், சார்" என்று கூரை பறக்கக் கத்துவார்கள், நீ கையைத் தட்டிக்கொண்டு வெளியே வருவாய். திரைக்குப் பின்னால் உன் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். நீ பெரியவனாகி அந்த வரிசையிலேயே உட்கார்ந்து அடி வாங்க ஆரம்பித்ததும் அந்தப் பாடத்துக்குப் புத்தகமும் பேனாவும் வைத்துக்கொண்டேன். குரங்கை நான் மறந்துவிட்டேன்.

தம்பி, உன் பெயர் அவள் வாயில் வராது. எத்தனையோ தடவை முயற்சி செய்து பார்த்தாள், உதடு கூடுகிறது, சத்தம் வரவில்லை. கைவசம் இருந்ததில் நீ இருந்த வாக்கியம் அது ஒன்றுதான். அதைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு நீ வருவதற்காகக் காத்திருந்திருக்கிறாள். நம் வீட்டில் இங்கிலீஷ் உனக்குச் சந்தோஷமாக இருந்த காலம் ஒன்று உண்டு, அதை அவள் மட்டும் வைத்திருந்தாள். இப்போது தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்குக் கேட்கிறாள். நான் பதில் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டாள், பசுமாட்டுக் கட்டுரையை ஆரம்பித்துவிடுகிறாள்.

அதனால்தான் சொல்கிறேன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ, நானும் வருகிறேன், வரமுடிகிற நிலையில் இருந்தால். டாக்டர்கள் அவளுக்கு ஒரே ஒரு தமிழ் வார்த்தையைத் திரும்பக் கொடுத்தால்கூட அவர்கள் காலைக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். ஆனால் இருக்கிறதை நிறுத்த விடாதே. கிழிசல் சேலை என்று உருவிவிட்டுப் புதுச்சேலைக்கு நெய்பவனைத் தேடப் போகக் கூடாது. வாய் தமிழைக் கற்றுக்கொள்ளும் வரை அந்த இங்கிலீஷ் இருக்கட்டும், கற்றுக்கொள்ளாவிட்டால் கடைசி வரை இருக்கட்டும். உன் பெண்டாட்டி கெட்டிக்காரி, மேலே எழுதியதை அவளுக்கும் படித்துக்காட்டு, பென்சிலும் மழையும் அவளுக்குச் சீக்கிரம் பிடிபடும். இந்தத் தடவை நீ வாசல்படி ஏறியதும் அம்மா குரங்கு எங்கே என்று கேட்பாள். மேஜைக்கு அடியில் இருக்கிறது என்று சொல்லு. எனக்கு முன்னால் இங்கிலீஷ் பேச உனக்கு வாய் வராது என்றால் சொல்லு, நான் எழுந்து கோயில் பக்கம் போய்விடுகிறேன். தப்பும் தவறுமாகச் சொன்னாலும் பரவாயில்லை, திருத்துவதற்கு அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

இன்னும் ஒன்றுதான் சொல்ல வேண்டும், அதை எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதிவிடுகிறேன். நான் இல்லாமல் போன பிறகு ஒருநாள் அவள் உன்னைப் பார்த்து, "வேர் இஸ் சார்?" என்று கேட்பாள். அதற்கு நான் யாருக்கும் பதில் சொல்லிக்கொடுத்ததில்லை. நீயும் இங்கிலீஷில் எதையாவது தேடிச் சொல்லிச் சமாளிக்காதே, ஊருக்குப் போயிருக்கிறார் என்று பொய்யும் சொல்லாதே, அவள் தினமும் காத்திருப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து, சரியாக இருக்கும் அந்த இடது கையைப் பிடித்துக்கொண்டு, அப்பா செத்துப் போயிட்டாரும்மா என்று தமிழிலேயே சொல்லு. அவளுக்குப் புரியும்.

உன் அப்பா